கிளிஞ்சல் தெருவின் நடு விளக்கு

கிளிஞ்சல் தெருவிலுள்ள முப்பத்தெட்டு வீடுகளின் சுவிட்சுகளும் மேலே போகாமலும் கீழே இறங்காமலும் நடுவிலும் நிற்கத் தொடங்கிய அந்தப் புதன்கிழமை காலையில், தெருக்கோடி வீட்டு டெல்பின், எப்போதோ இறந்துபோன ஒரு கணினியை உயிருள்ள ஒரு கணினிக்குள் ஓட வைத்துவிட்ட களைப்பில், மாமியாருக்கும் தனக்கும் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன என்பதைத் தெரு பிற்பாடுதான் கூட்டிப் பார்த்தது. கூட்டிப் பார்த்த பிறகும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அதற்குள் எல்லோரும் நடு விளக்குக்குப் பழகிவிட்டிருந்தார்கள்.

டெல்பினுக்கு அப்போது முப்பத்தேழு வயது. அவள் கணவன் கஸ்பார் ஒரு சரக்குத் தோணிக்குத் தண்டல், தோணியின் தலைமைப் பொறுப்பு அவனுடையது. ஆறு வருஷமும் பத்து மாதமும் முன்னால் அவனுடைய தோணி வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குப் புறப்பட்டது. அது மாலத்தீவுக்கும் போய்ச் சேரவில்லை, தூத்துக்குடிக்கும் திரும்பவில்லை. தோணியில் ஆறு ஆண்கள் இருந்தார்கள், ஆறு பேரும் கிளிஞ்சல் தெருக்காரர்கள். திரும்ப வேண்டிய நாளிலிருந்து பதினோரு நாள் டெல்பின் பழைய துறைமுகத்தில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நின்றாள். பன்னிரண்டாம் நாள் மாமியார் இன்னாசியம்மாள் வந்து கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அதன் பிறகு டெல்பின் தோணி பார்த்துத் துறைமுகத்தில் நிற்கவில்லை, ஆனால் வேறெங்கும் அதிகம் போகவும் இல்லை. கல்யாண வீடுகளில் பூத்தட்டு நீட்டுகிறவர்கள் அவளுக்கு முன்னால் வந்ததும் நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் தட்டோடு நின்றார்கள். அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று அவளே கல்யாணங்களுக்குப் போவதை விட்டாள். அரசாங்கப் படிவங்களில் கணவர் உயிருடன் இருக்கிறார், கணவர் காலமானார் என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. அவள் இரண்டையும் நிரப்பாமல் கொடுப்பாள், அவர்கள் திருப்பிக் கொடுப்பார்கள், அவள் வாங்கிக்கொண்டு வருவாள்.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே நிரல் எழுதும் வேலை அவளுக்கு இருந்தது. அந்த வேலை முடிந்த நேரங்களிலெல்லாம் அவள் எழுதியது வேறொரு நிரல். துறைமுகத்தில் கடல்மட்டத்தை அளந்து எழுதும் சின்ன ஆபீஸ் ஒன்று உண்டு, தெரு அதைத் தண்ணி ஆபீஸ் என்று சொல்லும். அதன் பின்னறையில் அலமாரி உயரத்துக்கு ஒரு பழைய கணினி நின்றது. அறுபது வருஷத்துக்கு முன்னால், ஏற்றமும் வற்றமும் எந்த நாள் எந்த மணிக்கு வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதற்காகக் குளிர்தேசம் ஒன்றிலிருந்து கப்பலில் வந்தது அது. மற்றக் கணினிகளைப் போல அது ஆம், இல்லை என்று இரண்டால் எண்ணாது, மூன்றால் எண்ணும், அதனால் மும்மக் கணினி என்று பெயர். டெல்பின் பிறப்பதற்கு முன்பே அது பேச்சை நிறுத்திவிட்டது. மிஞ்சியது கறையான் பாதி தின்ற ஒரு கையேடும், பிஸ்கெட் டின்களுக்குள் சுருட்டி வைத்த, ஓட்டை போட்ட காகித நாடாக்களும்.

அந்த இயந்திரத்துக்கு டெல்பின் எமுலேட்டர் எழுதினாள். அப்படியென்றால் என்னவென்று இன்னாசியம்மாள் கேட்டபோது, போனவர் எப்படி நடந்தார், எப்படிப் பேசினார், எதற்குத் தயங்கினார் என்று இருப்பவருக்குச் சொல்லிக் கொடுத்து அவரைப் போலவே நடக்க வைப்பது என்று டெல்பின் சொன்னாள். இன்னாசியம்மாள் இருபது வருஷம் மீன் விற்றவள், மூன்றால் எண்ணுவது அவளுக்கு இன்னும் சுலபமாகப் புரிந்தது. ஒன்று, மூன்று, ஒன்பது, இருபத்தேழு கிலோ என்று நாலே எடைக்கல் இருந்தால் தராசில் நாற்பது கிலோ வரை எதையும் நிறுத்துவிடலாம். கல்லை மீன் இல்லாத தட்டில் வைக்கலாம், மீனோடு சேர்த்து வைக்கலாம், எந்தத் தட்டிலும் வைக்காமல் கீழேயும் வைக்கலாம், இந்த மூன்றும்தான் அந்தக் கணினிக்குத் தெரிந்த மூன்று எழுத்து. கீழே வைத்த கல்லும் கணக்கில் உண்டா என்று இன்னாசியம்மாள் கேட்டாள். அங்கேதான் தான் தடுக்கிக்கொண்டு நிற்பதாக டெல்பின் சொன்னாள்.

எழுதியதையெல்லாம் அவள் ஊரறிய இணையத்தில் போட்டு வைத்தாள். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், எடுத்தவர் திருப்பித் தர வேண்டியதில்லை. பெயர் தெரியாத ஊர்களிலிருந்து பெயர் மட்டும் தெரிந்த மனிதர்கள் வந்தார்கள். ஒருவர் பெருக்கலைச் சரிசெய்தார், ஒருவர் நாலு மாதம் எடுத்து வகுத்தலைச் சரிசெய்தார், பனி பெய்யும் ஊர்க்காரி ஒருத்தி எல்லார் எழுத்திலுமுள்ள பிழைகளைத் திருத்திவிட்டு நன்றியைக்கூட வாங்கிக்கொள்ளாமல் போனாள். நாடாக்களைப் படமெடுத்துத் தரும் வேலை தண்ணி ஆபீஸ் பொனிபாஸ் வாஸுடையது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் படியில் இறங்கிக் கடல்மட்டத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிற மனிதர், நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் செய்யாதவர். இரண்டு வருஷம் முன்னால் ஒருநாள் அவர் டெல்பினிடம், தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். கேட்டுவிட்டு, தனக்கு அவசரமில்லை என்றும் சொன்னார். டெல்பின் பதில் சொல்லவில்லை. அவர் மறுபடி கேட்கவில்லை. டெல்பின் தினம் காலையில் ஆபீஸுக்குப் போய் வாங்கிவரும் நாடாப் படங்கள் மட்டும் ஒருநாளும் தவறவில்லை.

எமுலேட்டரில் கடல்மட்டக் கணக்கை ஓட்டும்போதெல்லாம் அது பதினோரு வரி ஓடிவிட்டு நின்றுபோகும். பெரிய ஓட்டை ஓர் எழுத்து, சிறிய ஓட்டை ஓர் எழுத்து, ஓட்டையே இல்லாத இடம் மூன்றாவது. அந்த ஓட்டையில்லாத இடத்தை டெல்பினும் உலகத்தின் மற்றவர்களும் வெறும் இடம் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெறும் இடம் வந்தால் நாடா முடிந்தது என்று நிரல் நின்றுவிடும். பொனிபாஸ் ஒருநாள் நாடாவை ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்து விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே போனவர் நின்றார். ஓட்டையில்லாத இடங்களில் ஊசிமுனையால் லேசாக அழுத்திய தழும்பு இருந்தது, காகிதம் கிழியாத அழுத்தம், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

"இது விட்டுப்போன இடமில்ல, டெல்பின். யாரோ தொட்டு வச்சது," என்றார்.

டெல்பின் வீட்டுக்கு வந்து, மறுநாள் காலையில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். இல்லாததாக இருந்தது இருப்பதாயிற்று, ஆனால் ஆம் என்றும் ஆகாமல் இல்லை என்றும் ஆகாமல் இருப்பதாயிற்று. நிரல் பதினோராம் வரியைத் தாண்டியது, நூறு தாண்டியது, அன்றைய தேதிக்குக் கடல் எப்போது ஏறும் எப்போது வற்றும் என்று சொன்னது, ஏறவும் வற்றவும் செய்யாமல் கடல் எத்தனை நிமிஷம் சும்மா நிற்கும் என்பதையும் சொன்னது. மணி பத்தே கால். அந்தப் பத்தே காலுக்குத்தான் கிளிஞ்சல் தெருவில் சுவிட்சுகள் நடுவில் நின்றன.

முதலில் பார்த்தது செசிலி. காணாமற்போன தோணியின் சமையல்காரன் மத்தியாஸ் அவளுக்கு அண்ணன். அரிசி களைய விளக்கைப் போட்டவளின் விரலுக்கு அடியில் சுவிட்சு பாதி வழியில் நின்றது, மழை விட்ட பிறகு வருமே ஒரு வெளிச்சம், அந்த மாதிரி ஒன்று சமையலறையில் பரவியது, அந்த வெளிச்சத்தில் மத்தியாஸ் சுவரோரம் குந்தி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். கைலியின் கீழ்ப்பக்கம் நனைந்திருந்தது. செசிலி அரிசியைக் கீழே வைத்தாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவன் தோளைத் தொட்டாள், குடத்துத் தண்ணீருக்குள் கைவிட்டது போலிருந்தது. அன்று மத்தியானம் அவள் ஓர் ஆளுக்குக் கூடுதலாக உலை வைத்தாள்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க விவரம் தெரிந்துவிட்டது. வந்தவர்கள் பேசமாட்டார்கள், கூப்பிட்டால் திரும்பமாட்டார்கள், தங்கள் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்ததைச் செய்வார்கள். தோணிக்காரர் ஒருவர் கயிறு முறுக்கினார், ஒருவர் தூங்கினார், ஒருவர் நகம் வெட்டினார். சோறு வைத்தால் சோறு அப்படியே இருக்கும், மணம் மட்டும் போயிருக்கும். செத்துப்போய்க் கல்லறையில் கிடப்பவர்கள் யாரும் வரவில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும், போனார்கள் என்றும் சொல்ல முடியாமல் இருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாமல் இருந்தவர்கள். வாத்தியார் வீட்டில் கோபித்துக்கொண்டு ஓடிப்போன மகள் பதினெட்டு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பதாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து அவள் போன் செய்து, தான் நன்றாக இருப்பதாகவும் அங்கேயே இருந்துவிடப் போவதாகவும் சொன்னாள், அன்றோடு ஜன்னலோரம் காலியானது. வாத்தியாரும் மனைவியும் சந்தோஷப்பட்டார்கள், ஆனாலும் அந்த ஜன்னலைக் கொஞ்ச நாள் சாத்தியே வைத்திருந்தார்கள்.

மின்சார வாரியத்திலிருந்து லைன்மேன் வந்து ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். நடுவில் நின்றால் மீட்டர் ஓடவில்லை, ஒயர் சுடவில்லை, ஷாக் அடிக்கவில்லை. பழுது ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பத்து வயதில் தொலைந்த தன் தம்பியைப் பற்றிச் செசிலியிடம் சொல்லி, இந்தத் தெருவில் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் போனார். பங்குச் சாமியாருக்கு எந்தச் செபம் சொல்வதென்ற சிக்கல் வந்தது. இருப்பவர்களுக்கான ஆசீர்வாதமும் பொருந்தவில்லை, இறந்தவர்களுக்கான மன்றாட்டும் பொருந்தவில்லை. மூன்று ஞாயிறு யோசித்தார். நாலாம் ஞாயிறு பூசையில், இன்னும் தெரியாதவர்களுக்காக என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு செபம் சொல்லும் நேரத்துக்குப் பேசாமல் நின்றார், கோயிலும் அவரோடு பேசாமல் நின்றது, அதுவே வழக்கமாகிவிட்டது. கணக்கெடுக்க வந்த டீச்சரம்மா வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு மூன்று வீட்டில் குழம்பிவிட்டு, டெல்பினிடம் வந்து தன் படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டுத் தரச் சொன்னாள். டெல்பின் போட்டுக் கொடுத்தாள்.

தெரு பழகிய விதம் இப்படித்தான். நடு விளக்கு எரியும் வீட்டில் சத்தமாக ரேடியோ வைக்கமாட்டார்கள். பிள்ளைகள் கயிறு முறுக்குகிற சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதினார்கள், எப்போதோ தொலைந்த ஓர் ஆடு இரண்டு வீட்டுக் கொல்லையில் மாறி மாறி மேய்ந்தது, தொலைக்காட்சியை நடுவில் வைத்தால் மழையால் நின்றுபோன ஒரு கிரிக்கெட் ஆட்டம் வந்தது, வீரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வயதான ஆண்கள் சிலருக்கு அந்த ஆட்டமே மற்ற ஆட்டங்களைவிடப் பிடித்துப்போனது. பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டுக்கு என்ன சொல்வதென்று கேட்டால், நடுவுல வச்சிருக்கேன் என்று பெண் சொன்னாள், வீட்டில் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அதுவரைக்கும் கிளிஞ்சல் தெருவில் ஒரு பெண் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

இதற்குள் எமுலேட்டரைப் பல ஊரார் எடுத்துப் போயிருந்தார்கள். பிழை சொல்லும் இடத்தில் ஒருவர் எழுதினார், புதிய பதிப்பை ஓட்டியதிலிருந்து எங்கள் தெருவில் சுவிட்சுகள் நடுவில் நிற்கின்றன, இது இப்படித்தான் இருக்க வேண்டுமா. டெல்பின் யோசித்துவிட்டு, ஆம், இது பிழையல்ல என்று பதில் போட்டாள். மலைநாட்டிலிருந்து ஒரு கிழவி பேரனை விட்டு எழுதச் செய்திருந்தாள்: முப்பது வருஷத்துக்கு முன்னால் ஆயுதக்காரர்கள் வீட்டிலிருந்து இழுத்துப் போன என் தம்பி அடுப்படியில் கைகளைச் சூடுபடுத்திக்கொண்டிருக்கிறான், அடுத்த பதிப்பில் இதைச் சரிசெய்துவிட வேண்டாம்.

முப்பத்தெட்டு வீட்டில் ஒரு வீட்டில் மட்டும் நடு விளக்கு எரியவில்லை. முதல் நாளே டெல்பின் தன் வீட்டுச் சுவிட்சுகள் எல்லாவற்றின் மேலும் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள், பகலில் அணைத்து ஒட்டுவாள், இருட்டும்போது பிரித்து முழுக்கப் போட்டு ஒட்டுவாள், விரல் தவறி நடுவில் நின்றுவிடக் கூடாதென்று. கஸ்பார் அங்கே உட்கார்ந்திருந்தால் இனி வாழ்நாள் முழுக்க அந்த நனைந்த கைலியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அவன் இல்லை. இரண்டில் எதைத் தாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. உலகத்துக்கெல்லாம் மூன்றாவது எழுத்தைத் திறந்து கொடுத்தவள் தன் வீட்டில் அதை ஒட்டி மூடி வைத்திருந்தாள். இன்னாசியம்மாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தோணிக்காரர்களின் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவாள், வந்து, மத்தியாஸ் இன்னும் அந்த வெங்காயத்தையே உரிக்கிறான் என்பதுபோல் ஏதாவது சொல்வாள்.

ஏழு வருஷம் நிறைய மூன்று வாரம் இருந்தது. ஏழு வருஷம் தகவலில்லாதவரை இறந்தவராக எண்ணச் சட்டம் இடம் கொடுக்கிறது, அந்தப் படிவம் டெல்பினின் மேசையில் கிடந்தது. ஒருநாள் அவள் எமுலேட்டரை நிறுத்திவிடப் போவதாக வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அரைமணி நேரத்தில் செசிலி வந்தாள், சண்டைக்கு வரவில்லை, முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு வாசல்படியில் நின்றாள்.

"நீ நிறுத்திட்டா எங்கண்ணன் எங்க போய் உக்காருவான், டெல்பின்?"

இனித் தானே நினைத்தாலும் நிறுத்த முடியாதென்றும், அது பல ஊர்களில் பல பேர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறதென்றும் சொல்லி அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பினாள். பிறகு தண்ணி ஆபீஸுக்குப் போய், சுவிட்சுகள் மேலும் கீழும் மட்டும் போகிற ஏதாவதொரு தெருவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விடப் போவதாகப் பொனிபாஸிடம் சொன்னாள். பொனிபாஸ் காரணம் கேட்கவில்லை. சாமான் ஏற்ற வண்டி சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டார். அவர் குரல் சரியாக வரவில்லை என்பதை டெல்பின் கவனித்தாள்.

மறுநாள் காலையில் இன்னாசியம்மாள் புறவாசலில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். டெல்பின் அலமாரியிலிருந்து துணிகளை எடுத்து மடிக்கும் சத்தம் கேட்டது. இன்னாசியம்மாள் அரிவாள்மணையை விட்டு நிமிராமல், அவளை அங்கே வரச் சொன்னாள். டெல்பின் வந்து நின்றாள்.

"நீ பிளாஸ்திரி ஒட்டுன மறுநாளே நான் நடு விளக்கப் போட்டுப் பாத்துட்டேன், பிள்ள," என்றாள் இன்னாசியம்மாள். "நீ பத்து மணிக்குத் தண்ணி ஆபீஸ் போவல்ல, அப்ப. பிளாஸ்திரிய உரிச்சிட்டுத் திரும்ப ஒட்டி வச்சேன்."

டெல்பின் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அவன் இல்ல. ரெண்டுங்கெட்டு நிக்கறவங்கதான் நடு விளக்குல வருவாங்க. உசிரோட எங்கயாச்சும் இருந்தா எம்மகன் ஏழு வருசமா ஒரு வார்த்தை சொல்லாம இருக்கமாட்டான். அவன் போயிட்டான்." இன்னாசியம்மாள் ஒரு மீனை எடுத்தாள், ஆயவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். "நீதான் இருந்த."

"மாமி?"

"கூடத்து நாற்காலியில. அந்தப் பச்சச் சேலையில. சேலைக் கரையெல்லாம் கடத்தண்ணி. செருப்பக் கழட்டி மடியில வச்சிருந்த. தினம் நீ அந்தப் பக்கம் போனதும் நான் போட்டு உம்முன்னால உக்காருவேன். காப்பி வப்பேன். ஒரு நாளும் நீ நிமிந்து பாக்கல."

இன்னாசியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, முன்னால் நடந்து, கூடத்துச் சுவிட்சின் பிளாஸ்திரியை உரித்து, அதை நடுவில் நிறுத்தினாள்.

மழை விட்ட வெளிச்சம் வந்தது. நாற்காலியில் முப்பது வயது டெல்பின் உட்கார்ந்திருந்தாள். காற்றில் அலைந்த தலைமுடி, வெயிலில் காய்ந்த உதடு, காலையிலிருந்து சாப்பிடாதவளின் முகம், மடியில் ஒரு ஜோடி செருப்பு. துறைமுகத்தில் நின்ற பதினோரு நாளில் எந்த நாள் என்று டெல்பினுக்குத் தெரியவில்லை, எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தது. தான் இத்தனை ஒல்லியாக இருந்தோமா என்று நினைத்தாள். இத்தனை சின்னவளாக இருந்தோமா என்று நினைத்தாள். ஏழு வருஷமாக இவளுக்கு யாருமே சாப்பிட்டாயா என்று கேட்கவில்லையே, நானே கேட்கவில்லையே என்று நினைத்தாள். அவள் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். தொட்டால் தண்ணீர்தான் என்று தெரிந்தும் அந்தக் கையின் மேல் கையை வைத்தாள்.

"எந்திரிம்மா," என்றாள். "அவர் வரமாட்டார். நீ வீட்டுக்கு வா."

நடு விளக்கில் இருப்பவர்கள் யார் கூப்பிட்டும் திரும்பியதில்லை, ஆனால் அவர்களை அவர்களே கூப்பிட்டது அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவை. நாற்காலியில் இருந்தவள் நிமிர்ந்தாள். டெல்பினைப் பார்த்தாள், அவளுக்குப் பின்னால் நின்ற இன்னாசியம்மாளையும் பார்த்தாள், செருப்பை எடுத்து வைக்க இடம் தேடுவதுபோல் பார்த்துவிட்டு மெதுவாகத் தரையில் வைத்தாள். எழுந்து சமையலறை வழியாகப் புறவாசலுக்குப் போனாள். குழாயைத் திறக்கும் சத்தமும் கால் கழுவும் சத்தமும் கேட்டன. இரண்டு பேரும் போய்ப் பார்த்தபோது துவைகல்லின் மேல் ஈரக்கால் இரண்டு பதிந்திருந்தது, வேறு யாருமில்லை. அன்று முழுவதும் டெல்பின் உடுத்தியிருந்த சேலையின் கரை கணுக்கால் வரைக்கும் நனைந்திருந்தது. எத்தனை முறை பிழிந்தாலும் கடல் வாசம் வந்தது. சாயங்காலம் தானாகக் காய்ந்தது.

அவள் மடித்த துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். மூன்று வாரம் கழித்து மாமியாரும் மருமகளுமாகப் பஸ் ஏறிப்போய்ப் படிவத்தைக் கொடுத்தார்கள். காலமானார் என்ற கட்டத்தில் கோடு போடும்போது டெல்பினின் பேனா ஓடவில்லை. இன்னாசியம்மாள் பேனாவை வாங்கி உதறிக் கொடுத்தாள், அப்போது ஓடியது.

கஸ்பாருக்கு அடக்கப் பூசை வைத்தார்கள். வெறும் பெட்டியில் அவனுடைய கல்யாணச் சட்டையையும் அவன் படித்து மடக்கி வைத்திருந்த கடல்வழிப் படத்தையும் வைத்து, வேறு தோணிகளில் வேலை செய்கிறவர்கள் தூக்கினார்கள். பெட்டி தெருக்கோடியிலிருந்து புறப்பட்டு ஒவ்வொரு வீடாகக் கடந்து போனபோது நடந்ததைச் செசிலிதான் பிற்பாடு வந்து சொன்னாள், மற்ற நாலு வீட்டிலும் அதையே சொன்னார்கள். உரிக்கிறவன் வெங்காயத்தைக் கீழே வைத்தான், கயிறு முறுக்குகிறவர் கயிற்றை வைத்தார், நகம் வெட்டுகிறவர் கத்தியை வைத்தார், தூங்குகிறவர் விழித்தார், ஐந்தாமவர் என்ன செய்துகொண்டிருந்தாரோ அதை விட்டார். ஐந்து பேரும் எழுந்து, தங்கள் தண்டல் போகும் திசைக்கு முகம் திருப்பி, பெட்டி கண்மறையும்வரை நின்றார்கள். பிறகு உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

அதைக் கேட்டபோதுதான் இன்னாசியம்மாள் அழுதாள். ஏழு வருஷத்தில் முதல் முறையாக, வாய்விட்டு, மகன் பெயரைச் சொல்லி, பெற்ற நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். டெல்பின் அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள், தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கூட அழுதார்கள், பொழுது சாய்வதற்குள் அழுது முடிந்து எல்லாரும் சோறு தின்றார்கள்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், தலை வாரிக்கொண்டிருந்த டெல்பினிடம் இன்னாசியம்மாள், அந்த வாஸ் மகன் கேட்டதுக்கு என்ன பதில் சொன்னாய் என்று கேட்டாள். அவர் கேட்டது மாமிக்கு எப்படித் தெரியுமென்று டெல்பின் திரும்பிப் பார்த்தாள். தெருவுக்கே தெரியும் என்றாள் இன்னாசியம்மாள். இன்னும் சொல்லவில்லை என்று டெல்பின் சொன்னாள்.

"பாவம், எம்புட்டு நாள் நிப்பாரு. போய்ச் சொல்லிட்டு வா," என்றாள் இன்னாசியம்மாள். "வரும்போது ஞாயித்துக்கிழம சாப்பிட வரச் சொல்லு. அவருக்கு நண்டு சேருமான்னும் கேட்டுக்கோ."

டெல்பின் போனபோது பத்து மணி ஆகியிருந்தது. பொனிபாஸ் படியின் கடைசியில், தண்ணீர் காலை நனைக்கிற இடத்தில், பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இறங்கி அவருக்கு இரண்டு படி மேலே நின்று, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கேட்டதற்குத் தனக்குச் சம்மதம் என்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் சொன்னாள். நண்டு சேருமா என்றும் கேட்டாள். சேரும் என்றார் அவர். பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு, ஏறி வந்து அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

அந்த ஆபீஸ் பதிவேடுகளில், அது தொடங்கிய நாளிலிருந்து, புயலடித்த நாட்களுக்கும் கடல்மட்டம் உண்டு. அந்த ஒரு நாள் பத்து மணிக்கு மட்டும் இல்லை. அடுத்த வாசிப்பு மதியம் இரண்டு மணிக்கு, அது டெல்பினின் கையெழுத்தில் இருக்கிறது.